கண்டறியாத வில்லுக்கத்தி

மலிவா ஒரு வில்லுக்கத்தி. பொக்கற்றுக்குள் அடங்கவேணும், நைலோன் கயிறு வெட்டவேணும். திருகோணமலையில் இதுவும் பேராசையாம்! கடையில் நீட்டுகிற சாமானில் போத்தல் திறப்பான் இருக்கு, கத்தரிக்கோல் இருக்கு, டோர்ச் லைட்கூட இருக்கு. வெட்டத்தான் வெட்டாது.

"அண்ணை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கறளே பிடியாது." அப்படியோ? கறளைத் தடுக்கிறது குரோமியம் ஒட்சைட்டுப் படலம். உப்புக்காற்றிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தையே துளைக்கும். டச்சுபேக் கடற்கரைக் காற்றுக்கு இது போதாதோ? கறள் தொடங்குகிறது பளபளக்கிற அலகில் இல்லை, அலகு மடங்குகிற, ஒருத்தரும் துடைக்காத அச்சடியில். பிறகு விரிக்கப்போனால் நகம்தான் உடையும்.

விரித்த அலகை மடங்காமல் பிடிக்கிற பூட்டு அதைவிடக் கோதாரி. உள்ளே இருக்கிற தகடு அலகின் அடியை வடிவாகத் தாங்கவேணும். இதுகளில் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கும். அலகின் முதுகை மரக்கட்டையில் மெல்லத் தட்டிப் பாருங்கோ, மடங்கும். எங்கே? விரலுக்கு மேல்! அச்சில் திருகாணி என்றால் இறுக்கலாம். அடித்துத் தட்டையாக்கின ஆணி என்றால்? ஆடட்டும், என்ன செய்யிறது.

ராக்வெல் என்கிற கடின அளவில் 52 மட்டும் உள்ள மெதுவான உருக்கை, பக்கத்துக்கு 15 பாகையில் தீட்டினால் கூர் மடியும். 20 பாகை என்றால் கொஞ்சம் நிற்கும், கொஞ்சம்தான்.

பிரெஞ்சுக்காரரின் ஒப்பினல் 8ஆம் இலக்கம் நல்ல கத்திதான், 8.5 சென்ரிமீற்றர் அலகு. ஆனால் மரப்பிடி. மாரியில் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துவிடும். மார்கழியில் அதைத் திறக்க இன்னொரு கத்தி வாங்கட்டோ?