பலகை மாட்டினால் தலைமையகம் ஆகிவிடுமா?

கோத்தகிரி சாலையில் விருந்தாளிகளுக்கு அறை வாடகைக்கு விடும் பழைய பங்களாவின் பலகையில் இருப்பது பொய் என்று நான் எழுதிய இரண்டு வரிக்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்துவிட்டேன். பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

"இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம்" என்று பித்தளையில் பொறித்து மாட்டியிருக்கிறீர்கள். சான்று எங்கே? ஓர் உத்தரவு, ஒரு கடிதம், ஒரு புகைப்படம்? கேட்டால், பெரியவர்கள் சொல்வார்களாம். மவுண்ட்பேட்டன் தளபதியாக இருந்த நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் முதலில் டெல்லியில் இருந்தது; 1944 ஏப்ரலில் இலங்கையின் கண்டிக்குப் போனது. பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குள் அலுவலகம், கண்டி கிங்ஸ் பெவிலியன் மாளிகையில் பிரபுவின் ஜாகை. நடுவில் கோத்தகிரியில் டீ குடிக்க இறங்கினாராக்கும்!

என் அப்பாயி அந்தக் கண்டிப் பக்கத் தோட்டத்தில்தான் கொழுந்து பறித்தார். யுத்தம் என்றால் அவருக்குப் பிரபுவும் தெரியாது, தளபதியும் தெரியாது. பங்கீட்டு அரிசி தெரியும். "அரிசி அளக்கிறவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்பார். யுத்தத் தலைமையகத்துக்கு அத்தனை பக்கத்தில் வாழ்ந்தவருக்கு மிஞ்சிய வரலாறு அவ்வளவுதான்.

"உன் அப்பாயி சொன்னது மட்டும் சான்றா?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். இல்லை ஐயா. ஆனால் அதை நான் பித்தளையில் பொறித்து, அறைக்கு இரட்டை வாடகை கேட்கவில்லையே.

"நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது, கதைதானே" என்கிறார்கள். வேலை கிடைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? பழைய பங்களா என்று மட்டும் எழுதினால் விருந்தாளி வரமாட்டாரா? 1822இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கிய கல் பங்களா ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அங்கிருந்து எவரும் போர் நடத்தவில்லை. அதனால் மதிப்புக் குறைந்துவிட்டதா? போர்தான் வேண்டுமென்றால் குன்னூர் பக்கத்து அருவங்காட்டுக்குப் போங்கள். நூறாண்டுக்கு மேலாக வெடிமருந்து செய்யும் தொழிற்சாலை அது. அங்கே உழைத்தவர்களுக்கு யார் பித்தளைப் பலகை மாட்டினார்கள்? பிரபு தூங்காத கட்டிலுக்குத்தான் பலகை!

திரும்பவும் கேட்கிறேன்: சான்று எங்கே?

அதற்கு வந்த பதில்தான் என்னை உட்கார வைத்து இதை எழுத வைக்கிறது. "சிலோன்காரருக்கு எங்கள் ஊர் வரலாற்றில் என்ன அக்கறை?" 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களான எங்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாம் வழியாக டிரங்குப் பெட்டியோடு வந்து, தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் காடு வெட்டிச் செடி நட்டவர்கள் நாங்கள். நான் பிறந்தது இந்த மலையில். கொழுந்து பறிக்க நாங்கள் வேண்டும். பலகையில் இருப்பது பொய் என்று சொன்னால் மட்டும் சிலோன்காரரா?

அந்தப் பின்னூட்டத்துக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் இருவர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.