லாப்ராங் மோன்லம்: பெரிய லென்ஸை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்

திபெத்தியத் திருவிழாவைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் லாசாவைத்தான் நினைக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே தனி அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் அந்த அனுமதியும் கிடைக்காது. மோன்லம் பிரார்த்தனைத் திருவிழா வருவதோ அந்தச் சமயத்தில்தான். அதனால் சீனாவின் கான்சு மாகாணத்தில் சியாஹே என்ற ஊரில் இருக்கும் லாப்ராங் மடாலயத்துக்குப் போங்கள் என்பேன். 1709-ல் தொடங்கிய மடம். மாகாணத் தலைநகர் லான்ஜோவிலிருந்து பஸ்ஸில் சுமார் நாலு மணி நேரம், சீன விசா போதும். இந்தப் பக்கத்தையும் சில சமயம் திடீரென்று மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது தேதியில். திபெத்தியர்கள் ஆம்டோ என்று அழைக்கும் பகுதியான இங்கே திருவிழாவைச் சீனப் புத்தாண்டிலிருந்து எண்ணுகிறார்கள். 2025-ல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29, லாசாவில் கொண்டாடும் திபெத்தியப் புத்தாண்டான லோசர் பிப்ரவரி 28. லோசரைப் பார்த்து டிக்கெட் போட்டவர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். முதல் மாதம் 13-ஆம் நாள் தங்கா என்ற பிரம்மாண்டத் துணி ஓவியத்தின் விரிப்பு, 14 சாம் முகமூடி நடனம், 15 இரவு வெண்ணெய்ச் சிற்பங்கள், 16 வருங்கால புத்தரான மைத்ரேயரின் ஊர்வலம்.

தங்கா விரிப்புதான் உச்சம். சுமார் 30 மீட்டர் நீளத் துணியைச் சுருளாகத் தோள்களில் சுமந்து, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மலைச்சரிவுக்குக் கொண்டுபோவார்கள். விரித்த பிறகும் மேலே மஞ்சள் பட்டுத் திரை மூடியிருக்கும். அது மெல்ல விலகும் சில நிமிடங்கள்தான் படம். சரிவு வடக்கு பார்த்தது, குளிர்காலக் காலைச் சூரியனோ அதற்குப் பின்னால். கேமராவின் போக்கில் விட்டால் வானத்தைப் பார்த்து அளந்து, தங்காவைக் கருப்பாக்கிவிடும். ஒரே ஒரு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைத் துணியின் மேல் வைத்து அளங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். கூட்டம் நெருக்கும், குதிரைக்காரர்கள் வந்து வழி விலக்குவார்கள். 70-200 எம்.எம். மாதிரி தூரத்தை இழுக்கும் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு அங்கே நிற்கவே முடியாது. 24-70 அல்லது ஒரே ஒரு 35 எம்.எம். போதும்.

பெரிய லென்ஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மடத்தைச் சுற்றும் கோரா பாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல். அதில் விழுந்து வணங்கிக்கொண்டே வருகிறவர்கள் இருப்பார்கள்: உள்ளங்கையில் மரக்கட்டை, உடம்பின் முன்பக்கம் தோல் கவசம், நெற்றியில் காய்ப்பு. தூரத்தில் ஒளிந்து நின்று அந்த முகத்தை இழுத்து எடுப்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. வலமாக, அவர்களோடு நடங்கள். இரண்டு சுற்று நடந்தால் தெரிந்த முகம் ஆகிவிடுவீர்கள். கேமராவைக் காட்டிக் கண்ணால் கேளுங்கள், தலையாட்டினால் எடுங்கள். பாதைக்குக் குறுக்கே நிற்க வேண்டாம், எதிர்த்திசையில் நடக்கவே வேண்டாம். சன்னதிகளுக்குள் கேமராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

ஊர் சுமார் 2,900 மீட்டர் உயரம். முதல் இரவு லான்ஜோவில் தங்கினால் தலைவலி குறையும். விடியற்காலையில் மைனஸ் 15 சர்வசாதாரணம், பேட்டரி பாதியிலேயே படுத்துவிடும். மூன்று பேட்டரிகளைச் சட்டை உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். செத்துப்போனது சூடேறினால் இன்னும் கொஞ்சம் ஓடும். அதைவிட மோசம், அடுப்பு எரியும் அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோவது. லென்ஸுக்குள் நீர் கோத்துவிடும். வெளியிலேயே ஜிப் லாக் கவரில் மூடி, உள்ளே ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். மெமரி கார்டை அதற்கு முன்பே உருவிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஊருக்குத் திரும்பிப் படங்களை இணையத்தில் ஏற்றும் நேரம். சீனாவில் தலாய் லாமாவின் படத்தை வைத்திருப்பதே ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிடும். ஒரு வீட்டுச் சுவர், ஒரு பிக்குவின் அறை உங்கள் படத்தில் இருந்தால் மூலைவரை பெரிதாக்கிப் பாருங்கள். அப்படி எதுவும் தெரிந்தால் அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போடாதீர்கள். பிக்கு உங்களிடம் அரசியல் பேசியிருந்தால் அவர் முகத்தையும் பேச்சையும் சேர்த்து எழுதவே கூடாது. இருப்பிடத் தகவலை அழித்துவிட்டு ஏற்றுங்கள். விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், நாம் இல்லை.