மைனர் படித்தால் ரெண்டு டிகிரியா?

"மெக்கானிக்கல் சேர்ந்துட்டு கெமிக்கலை மைனரா எடுங்க, ஒரே செலவுல ரெண்டு டிகிரி" என்று ஈரோடு, திருப்பூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. மைனர் என்பது சொந்தப் பிரிவோடு கூடுதலாக வேறொரு பிரிவின் சில பாடங்களைப் படிப்பது. கிடைப்பது ஒரே பட்டம்தான். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் விதிப்படி 18 முதல் 20 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளி) கூடுதலாக முடித்தால், அந்தப் பட்டத்தோடு மைனர் என்று சேர்த்துக் குறிப்பிடுவார்கள். முழு கெமிக்கல் பட்டத்துக்கோ சுமார் 160 கிரெடிட். கெமிக்கல் பட்டமே வேண்டும் என்று கேட்கும் வேலைக்கு மைனர் ஈடாகாது. எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் கெமிக்கல் தாள் எழுதலாமே என்பார்கள். அதற்கு மைனரே தேவையில்லை, எந்தப் பிரிவு பொறியியல் மாணவரும் எழுதலாம்.

அதற்காக இந்தப் படிப்பு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். சாயக்கழிவு ஆற்றில் கலந்ததால், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று சாயத்தண்ணீரை ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டியதும் மிஞ்சும் உப்புக் கரைசல் எவாப்பரேட்டரில் கொதித்து வற்றி, உப்பு திரும்பவும் பட்டறைக்கே வருகிறது. உள்ளே போன உப்பு எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு? அந்தக் கணக்குதான் கெமிக்கலின் முதல் பாடம். அங்கே பம்பு பார்க்கும் மெக்கானிக்கல் பையனுக்கு அது தெரிந்தால் பெரிய பலம்.

சேரும் முன், அந்தக் கல்லூரியின் மைனர் பட்டியலில் கெமிக்கல் இருக்கிறதா, தனிக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.