பட்டினி கிடந்தால்தான் கலை வருமா?

பட்டினி கிடந்தால்தான் நல்ல கலை வரும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சொல்கிறவர் அநேகமாக மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவராகத்தான் இருப்பார். உடனே வறுமையில் வாடிய ஓவியர் வான்கோவைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். அந்த வான்கோவுக்கே தம்பி தியோ மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் ஞாபகம் வராது.

இவர்களுக்கு நான் சொல்லும் பதில் 1930களின் அமெரிக்கா. 1929இல் பங்குச்சந்தை சரிந்து, ஊரெல்லாம் வேலையில்லாமல் வரிசையில் நின்ற காலம். ஓவியம் வாங்க யார் இருக்கிறார்கள்? 1933 மே மாதம் ஜார்ஜ் பிடில் என்ற ஓவியர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். மெக்சிகோவில் அரசு ஓவியர்களுக்குப் பிளம்பர் கூலி கொடுத்து அரசுக் கட்டிடச் சுவர்களில் வரையவிட்டது, அதனால்தான் அங்கே அவ்வளவு பெரிய சுவரோவிய மரபு உருவானது, நம் ஊர் ஓவியர்களும் தயாராக இருக்கிறார்கள் என்பது கடிதத்தின் சாரம். பிளம்பர் கூலி! விருதும் பொன்னாடையும் கேட்கவில்லை பாருங்கள், கூலி கேட்டார். அந்த வருடக் கடைசியிலேயே சோதனையாக ஒரு திட்டம் வந்தது. 1935இல் ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அரசுத் திட்டத்தை ஃபெடரல் ஆர்ட் புராஜெக்ட் என்று பெரிதாகவே தொடங்கிவிட்டார்கள். ஓவியர்களுக்கு எதற்கு நிவாரணப் பணம் என்று கேட்டவர்களுக்கு, அதிகாரி ஹாரி ஹாப்கின்ஸ் சொன்ன பதில் பிரபலம்: அவர்களுக்கும் மற்றவர்களைப் போல வயிறு இருக்கிறது என்ற பொருளில் சொன்னார்.

நியூயார்க்கில் சம்பளம் வாரத்துக்கு 20 டாலருக்குக் கொஞ்சம் மேலே. அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்து பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஓவியர்கள் யார் யார் தெரியுமா? ஜாக்சன் பொல்லாக். மார்க் ராத்கோ. லீ கிராஸ்னர். ஆலிஸ் நீல். வில்லெம் டி கூனிங். நியூயார்க் நகரம் இடிந்து எழுவதைத் தெருத் தெருவாகப் படமெடுத்த பெரனிஸ் ஆபட்டும் இதே திட்டத்தின் சம்பளத்தில்தான் அந்த வேலையைச் செய்தார். டி கூனிங் ஹாலந்திலிருந்து கப்பலில் ஒளிந்து அமெரிக்கா வந்தவர், வீட்டுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தவர். குடியுரிமை இல்லாததால் 1937இல் திட்டத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. ஆனால் அதில் இருந்த சுமார் ஒரு வருடம் தன் புத்தியையே மாற்றிவிட்டது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். அதுவரை வேலைக்குப் போய் மிச்ச நேரத்தில் வரைந்தவர், இனி வரைவதுதான் வேலை, மற்றதெல்லாம் மிச்ச நேரத்தில் என்று முடிவெடுத்தார்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜேக்கப் லாரன்ஸ். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த கறுப்பினப் பையன். அகஸ்டா சாவேஜ் என்ற சிற்பி, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு தாய் மாதிரி, லாரன்ஸை இந்தத் திட்டத்தின் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். 21 வயது ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் அதை மறந்தே போனான். ஆனால் அந்த அம்மா மறக்கவில்லை. வயது வந்ததும் மறுபடி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். அன்று சேராமல் போயிருந்தால் தான் ஓவியனாகவே ஆகியிருக்க மாட்டேன் என்ற அளவுக்கு லாரன்ஸ் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அப்புறம் ரோசன்வால்ட் நிதியின் உதவித்தொகையில், 1940–41இல், தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த கறுப்பின மக்களின் கதையை 60 பலகைகளில் வரைந்தார். அறுபதையும் ஒன்றாகப் பரப்பி வைத்து, ஒரு நிறத்தைக் கலந்தால் அந்த நிறம் வரவேண்டிய எல்லாப் பலகைகளிலும் தீட்டிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவாராம். அதனால்தான் முதல் பலகையின் மஞ்சளும் கடைசிப் பலகையின் மஞ்சளும் ஒன்றாகவே இருக்கின்றன. இன்று அவற்றில் பாதி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், மீதி வாஷிங்டன் ஃபிலிப்ஸ் கலெக்ஷனில். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் இன்னொரு பக்கம். ஒரே கதையை இப்படிப் பங்கு போட யாருக்குத்தான் மனம் வந்ததோ.

சரி, சம்பளம் கொடுப்பவர் சும்மா இருப்பாரா? மாட்டார். கிராமங்களின் வறுமையைப் படமெடுக்க அரசு அமைத்த பிரிவுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். பொருளாதாரம் படித்தவர், கேமரா பிடிப்பவர் அல்ல. வாக்கர் எவன்ஸ், பென் ஷான், டோரதியா லாங்கே என்று அற்புதமான ஆட்களை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான், பிடிக்காத நெகட்டிவ்களில் பஞ்ச் வைத்து ஓட்டை போட்டவரும் அவர்தான். அந்த நெகட்டிவ்களை இன்று பிரின்ட் போட்டால், ஏதோ ஒரு விவசாயியின் முகத்தில் கறுப்பு வட்டம் ஒன்று விழுந்திருக்கும்.

அதே ஸ்ட்ரைக்கரிடம்தான் 1942இல் கோர்டன் பார்க்ஸ் வந்து சேர்ந்தார். அடகுக் கடையில் வாங்கிய கேமராவில் படமெடுக்கக் கற்றவர். கேமராவை இங்கேயே வைத்துவிட்டு வாஷிங்டனில் ஒரு கோட் வாங்கி, ஹோட்டலில் சாப்பிட்டு, சினிமா பார்த்துவிட்டு வா என்று ஸ்ட்ரைக்கர் அனுப்பினார். கறுப்பர் என்பதால் மூன்றுமே நடக்கவில்லை. கொதித்துப்போய்த் திரும்பியவரிடம், இந்தக் கட்டிடத்தைப் பெருக்குகிற அம்மாவிடம் போய்ப் பேசு என்றார். எல்லா (Ella) வாட்சன் என்ற அந்தப் பெண்ணைப் பெரிய அமெரிக்கக் கொடிக்கு முன்னால், ஒரு பக்கம் துடைப்பமும் இன்னொரு பக்கம் மாப்பும் வைத்து நிறுத்தி பார்க்ஸ் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதைப் பார்த்த ஸ்ட்ரைக்கர், நம் எல்லோருக்கும் வேலை போகப்போகிறது என்றாராம். அரசுச் சம்பளத்தில் துதிபாடிகள்தான் உருவாவார்கள் என்பவர்கள் இந்தப் படத்துக்கு என்ன சொல்வார்கள்?

ஓவியர்களுக்கான ஃபெடரல் ஆர்ட் புராஜெக்ட் 1943இல் மூடப்பட்டது. நியூயார்க்கில் கிடங்கில் கிடந்த கேன்வாஸ்களைப் பழைய துணி மாதிரி எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவை கனால் தெருவில் ஒரு கடைக்கு வந்து சில டாலருக்கு விலைபோக, ஆலிஸ் நீல் தன் ஓவியங்களைத் தானே காசு கொடுத்து மீட்டார். சம்பளம் கொடுத்தது வீண்செலவு என்று கத்திய அரசியல்வாதிகள் இருந்தார்களே, உண்மையான வீண்செலவு இதுதான்.

திட்டத்தில் வரையப்பட்டதில் பெரும்பகுதி சுமார் ரகம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் என்ன, சுமாராக வேலை செய்யும் பிளம்பருக்கும் கூலி உண்டு. என்னைச் சங்கடப்படுத்துவது வேறொன்று. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டோரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அரசுச் சம்பளத்தில் எடுத்த படம் என்பதால் அது பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். லாங்கேவுக்கும் அதில் ராயல்டி கிடையாது, ஆனால் சம்பளம் வந்தது, பெயர் வந்தது. அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் தாம்ப்சன், செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனப் பெண், என்று ஊருக்குத் தெரிந்ததே 1978இல்தான். என்னைப் படமெடுக்காமலே இருந்திருக்கலாம், ஒரு காசு வரவில்லை என்றார் அவர். 1983இல் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் நிதி கேட்க வேண்டியிருந்தது. 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை அந்தப் படத்தை அஞ்சல்தலையாக வெளியிட்டது. கலைஞருக்குக் கூலி கொடு என்று நான் வாதாடும்போது, படத்தில் இருக்கிறவருக்கு என்ன கூலி என்று யாராவது மடக்கினால், மடங்கத்தான் வேண்டியிருக்கிறது.