பி.எஃப்.: ஐந்து வருடக் கணக்கு எதற்கு?

ஐந்து வருடம் முடியாமல் வேலையை விட்டால் பி.எஃப்.பில் கம்பெனி போட்ட பங்கு கிடைக்காது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நாகர்கோவிலில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன், ராஜினாமா கொடுக்க வரும் பிள்ளைகள் பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது.

அது அப்படியில்லை, அண்ணாச்சி. கம்பெனி பங்கும் நம் கணக்கில் சேர்ந்த பணம்தான். வேலையை விட்டாலும் கம்பெனி அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஐந்து வருடக் கணக்கு வருமான வரிக்கு: அதற்குள் பணத்தை எடுத்தால் வரி வரலாம். மார்த்தாண்டத்தில் இரண்டு வருடம், அப்புறம் திருவனந்தபுரத்தில் மூன்று வருடம் என்றாலும், பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றியிருந்தால் சேர்த்தே எண்ணுவார்கள்.

யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தரும் எண்) வைத்து, பி.எஃப்.பை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் பாஸ்புக் தளத்தில் பாருங்கள். தொழிலாளி பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் என மூன்று பத்தி தனித்தனியாக இருக்கும்.