மழை மாதங்களில் ஆட்டக்காரர்களுக்கு இருப்பது ஒரே கூரைதான்

அரையாண்டுத் தேர்வு என்றைக்கு முடியும் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போதே நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி, ஆங்கிலப் புத்தாண்டைத் தாண்டி, காணும் பொங்கல் வரை புதுச்சேரிக்கு அது விழாக்காலம். கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. இந்த நாட்களில் நம் ஊர்ப் பக்கத்துப் பெரிய உள்விளையாட்டரங்குகளில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி, இறகுப்பந்து ஆடும் ஒரு பெண்ணின் தந்தையாகவும், இளமையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கைப்பந்து ஆடியவனாகவும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். விழாக்கால நிகழ்ச்சிகளுக்கான முன்பதிவுகள் நடக்கும் நேரம் இதுதான் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

இசை நிகழ்ச்சியும் பொருட்காட்சியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய அரங்கத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும். மின்கட்டணம், துப்புரவு, கூரை ஒழுகினால் சீரமைப்பு என்று செலவு ஓயாது. வாடகை வருமானம் அதற்கு உதவும் என்பது உண்மை. ஆனால் ஆண்டின் மற்ற மாதங்களில் அரங்கத்தை வாடகைக்கு விடுவதும், டிசம்பரில் விடுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நாம் யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம் கரையோரத்துக்கு மழை கிடைப்பது வடகிழக்குப் பருவத்தில். அக்டோபர் பாதியில் தொடங்கினால் டிசம்பர் கடைசி வரை திறந்தவெளி மைதானங்களை நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சாய்ந்து கிடந்த அந்த வாரத்தில்தான் உலகம் புத்தாண்டைக் கொண்டாடியது. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. புயல் இல்லாத ஆண்டுகளிலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. செம்மண் ஆடுகளத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் மறுபடி ஓடியாட மூன்று நாட்கள் ஆகும்; மூன்றாம் நாள் மாலையில் மறுபடியும் மழை வரும். கபடிக் குழுக்களும் கூடைப்பந்துப் பிள்ளைகளும் கைப்பந்தாட்டக்காரர்களும், ஆண்டு முழுவதும் உள்ளேயே ஆடும் இறகுப்பந்துக்காரர்களோடு சேர்ந்து, ஒரே கூரையைத் தேடி வருவது இந்த எட்டுப் பத்து வாரங்களில்தான். பள்ளி விடுமுறையும் அப்போதே வருகிறது. முழுநாளும் பயிற்சி செய்யப் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும் அந்த நாட்களில் அரங்கத்தின் கதவு மூடியிருந்தால், அடுத்த வாய்ப்புக்கு அவர்கள் கோடை விடுமுறை வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் அரங்கத்தையும் குறிப்பிட விரும்பவில்லை. அங்கே பணியாற்றுபவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டிசம்பர் மாதத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மகளை இருசக்கர வண்டியில் அழைத்துக்கொண்டு போனேன். வாசலில் எந்த அறிவிப்பும் இல்லை. காவலாளிதான் “பத்து நாளைக்கு நிகழ்ச்சி இருக்கு சார், உள்ளே விட முடியாது” என்றார். அவரும் முந்தைய நாள் இரவுதான் அதைக் கேள்விப்பட்டிருந்தார். பத்து நாள் கழித்துப் போனபோது, பயிற்சியாளர் தரையில் மண்டியிட்டு, சவரப் பிளேடின் விளிம்பால் ஒட்டுநாடாவைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். மின்கம்பிகளைத் தரையோடு பிடித்து வைக்க ஒட்டப்பட்ட நாடா அது. பிசின் அப்படியே தங்கியிருந்தது. மரப்பலகை இடுக்குகளில் ஜிகினாத் துண்டுகள் மின்னின. ஆடுகளத்தின் ஓர் ஓரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, யாரோ கொட்டிய குளிர்பானம் காய்ந்து தெரியாமல் கிடந்திருக்கிறது. பந்தை எடுக்க ஓடிய என் மகளின் வலது காலணி அதில் ஒரு கணம் ஒட்டிக்கொண்டது. உடல் முன்னே போக, கணுக்கால் திரும்பிவிட்டது. தசைநார் காயத்துக்குக் கட்டுப் போட்டு ஆறு வாரங்கள் வீட்டில் இருந்தாள். அந்த ஆண்டு அவள் பெயர் கொடுத்திருந்த போட்டி ஐந்தாவது வாரத்தில் நடந்தது.

உள்விளையாட்டரங்கின் மரத்தரை கல்யாண மண்டபத்தின் சலவைக்கல் தரையைப் போன்றதல்ல. ஆட்டக்காரர் குதித்து இறங்கும்போது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகும் அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும்படி, பலகைகளுக்குக் கீழே சட்டங்களும் ரப்பர் அடைகளும் வைத்து அமைக்கப்படுவது அது. அதன் மேல் கனமான ஒலிபெருக்கிக் கோபுரங்களை நேராக நிறுத்தினால் அந்த இடம் அமுங்கும். நாற்காலிக் கால் இழுபட்டால் மேற்பூச்சு கீறும்; கீறிய இடத்தில் ஈரம் இறங்கும். நமது ஊரோ கடலோர ஊர். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது, கதவுகளைத் திறந்துபோட்டு ஆயிரக்கணக்கான பேர் நனைந்த செருப்போடு நடமாடினால், மரம் உப்பாமல் என்ன செய்யும்? பலகை உப்பி ஒரு நூல் அளவு மேலெழுந்தாலும் ஓடும் கால் அதில் இடறும். நிகழ்ச்சிக்கு முன்பு தரை முழுவதும் விரிப்புப் போட்டு, எடை நிற்கும் இடங்களில் மட்டும் கனமான பிளைவுட் பலகைகளை அடுக்கினால் இந்தச் சேதத்தில் பெரும்பகுதி நேராது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அந்த வரியைக் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

கேளிக்கை நடத்துபவர்களின் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கில் இசை நன்றாக ஒலிப்பதில்லை. உயர்ந்த உலோகக் கூரை, சிமெண்டுப் படிக்கட்டுகள், வெற்றுச் சுவர்கள். பாட்டின் ஒரு சொல் காதில் விழுவதற்குள் முந்தைய சொல்லின் எதிரொலி வந்து அதன் மேல் ஏறிக்கொள்ளும். அதை மறைக்க ஒலியை இன்னும் கூட்டுகிறார்கள். பாட்டுக் கேட்க வந்தவருக்கும் நிறைவில்லை, பக்கத்துக் குடியிருப்பில் உறங்குபவருக்கும் நிம்மதியில்லை. புதுச்சேரியில் கம்பன் கலையரங்கம் இருக்கிறது, கடலூரில் டவுன் ஹால் இருக்கிறது, வானம் தெளிந்த மாலைகளுக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடுகிறது. மார்கழியில் நம்மவர்கள் திருமணம் செய்வதில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி வரையிலான 25 கிலோமீட்டர் சாலையில் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போகும் வழியெல்லாம் நிற்கும் கல்யாண மண்டபங்கள் தை பிறக்கும் வரை பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கின்றன. நாற்காலி, மேடை, மின்னாக்கி, சமையற்கூடம், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் அனைத்தும் அங்கே தயாராக உள்ளன. நடன நிகழ்ச்சிக்கும் பட்டிமன்றத்துக்கும் பொருட்காட்சிக்கும் அதைவிடப் பொருத்தமான இடம் எது? சதுரங்கப் போட்டியைக்கூட அங்கே வைக்கலாம். குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் தம் பதினெட்டாவது வயதில் உலகப் பட்டம் வென்ற பிறகு, சதுரங்கப் பலகையோடு திரியும் பிள்ளைகள் எங்கள் தெருவிலும் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது மேசையும் நாற்காலியும் நல்ல வெளிச்சமும்தான். இறகுப்பந்துக்கோ 13.40 மீட்டர் நீளமும் 6.10 மீட்டர் அகலமும் உள்ள களமும், பந்து முட்டாத உயரத்தில் கூரையும், ஐந்து கிராம் எடையுள்ள இறகுப்பந்தைத் திசை திருப்பாத அசையாத காற்றும் வேண்டும். இவற்றை எந்த மண்டபமும் தர முடியாது.

விழாக்காலத்தில் விளையாட்டையே விழாவாக்க முடியும் என்பதற்கு உலகத்தில் சான்றுகள் உண்டு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கிறிஸ்துமஸ் நாளன்று கூடைப்பந்து ஆடும் வழக்கம் 1947ஆம் ஆண்டு, அதே பெயரில் இருந்த முந்தைய கட்டடத்திலேயே தொடங்கிவிட்டது. 1968இல் திறக்கப்பட்ட இன்றைய அரங்கிலும் குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். அங்கே பனிவளைகோல் பந்தாட்டத்துக்கான பனித்தளத்தை உருக்காமல், அதன் மீது வெப்பம் கடத்தாத பலகைகளைப் பரப்பி, அதற்கும் மேலே கூடைப்பந்தின் மரத்தரையைப் பொருத்துகிறார்கள். சில மணி நேரத்தில் ஒரு தளம் இன்னொரு தளமாகிவிடுகிறது. இசை நிகழ்ச்சிகளும் அதே அரங்கில்தான் நடக்கின்றன. அவர்களிடம் இருக்கும் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் எந்த நாளில் யாருக்கு அரங்கம் என்று முன்கூட்டியே அட்டவணை வெளியிடுவதற்கும், தரையை முதற்சொத்தாகக் கருதுவதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கபடி நம் கண்ணெதிரிலேயே மாறியிருக்கிறது. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி அதில் சேர்ந்தது. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் ஆட்டங்கள் நடந்தன. மண்ணில் ஆடியது மெத்தைக்கு வந்தது, ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்ற கணக்கும் விளக்கொளியும் சேர்ந்துகொண்டன, வீட்டுப் பெண்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அணி பிரித்துக்கொண்டு கத்தினார்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் பொங்கல் வாரத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நடந்த மின்னொளி கபடிப் போட்டிகளின் சுவையும் இதேதான். நான்கு மூலையிலும் மூங்கிலில் கட்டிய குழல்விளக்குகள், ஒலிபெருக்கியில் ஓர் ஆள் விடாமல் சொல்லும் நேர்முக வர்ணனை, விடியும் வரை கடலை வறுக்கும் வாசனை. பரிசு ஓர் ஆட்டுக்கிடாவோ பித்தளைக் குடமோ. அந்தக் கூட்டத்துக்கு வேறு கேளிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். புதுச்சேரி உப்பளம் பகுதியிலுள்ள ராஜீவ் காந்தி உள்விளையாட்டரங்கிலும் கடலூர் அண்ணா விளையாட்டரங்கின் உள்ளரங்கிலும், அரையாண்டு விடுமுறை நாட்களில் பள்ளிகளுக்கிடையேயான ஆட்டங்களை மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடியும்படி வைக்க வேண்டும். ஒரு நாள் பெண்கள் கபடி, ஒரு நாள் கைப்பந்து, இன்னொரு நாள் சிலம்பம். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே கால் மணி நேரம் பறையாட்டமோ பிள்ளைகளின் நடனமோ இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் ஒரு தேநீர் விலையைத் தாண்ட வேண்டாம். ஒன்பது மணி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பாகூர்ப் பக்கத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பேருந்தில் வரும் பெண் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும். ஊதுபைகளும் அலங்காரத் துணிகளும் தொங்கவிட்டு வெளியேறும் கதவுகளை மறைப்பதை யாரும் அனுமதிக்கக் கூடாது. மழை நாளில் கூட்டம் முழுவதும் ஒரே வாசலை நோக்கி ஓடும்.

தவிர்க்க முடியாத வாடகை நிகழ்ச்சிகள் இருந்தால் அவற்றின் தேதிகளை நவம்பர் மாதமே வாசற்பலகையில் எழுதி ஒட்ட வேண்டும், நிகழ்ச்சி நாளிலும் காலை ஐந்தரை முதல் எட்டு வரையிலான நேரத்தைப் பயிற்சிக்கு விட வேண்டும், மேடை கட்டிய பின் அது முடியாதென்றால் வேறு ஒரு பள்ளியின் உள்ளரங்கை அந்த நாட்களுக்கு ஏற்பாடு செய்து தர வேண்டும். வாடகையில் ஒரு பகுதியைத் தரைக்கென்றே ஒதுக்கிவைத்தால் இன்னும் நல்லது.

எங்கள் பிள்ளைகளோடு பயிற்சி பெறும் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து இதை மனுவாக எழுதியிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி முடிந்ததும் கையெழுத்து வாங்கத் தொடங்குகிறோம். விளையாட்டுப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்காரர்களும் கையெழுத்திடலாம். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களும் வந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மார்கழியில் காலியாக இருக்கும் மண்டபங்களின் பட்டியலை நாங்களே எடுத்துவைத்திருக்கிறோம். அதை அவர்களிடம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.