பத்து சதவீத வட்டிக்குள் இருக்கும் எண்பது

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கும்: "பள்ளியில் படித்த இயற்கணிதம் வாழ்க்கையில் ஒருநாளாவது பயன்பட்டதா?" கீழே வரிசையாக "இல்லை, இல்லை" என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அதற்கு வழக்கமாக வரும் பதில், "மூளைக்கு நல்ல பயிற்சி" என்பது. அதை நான் ஏற்கவில்லை. மூளைக்குப் பயிற்சிதான் வேண்டுமென்றால் சதுரங்கம் ஆடலாமே. இயற்கணிதம் வேண்டியிருப்பது பணத்துக்காக. நாம் வாங்கும் கடனுக்கும் நகைக்கும், கட்டும் கரண்ட் பில்லுக்கும் பின்னால் யாரோ எழுதிவைத்த ஒரு சூத்திரம் இருக்கிறது. நம் கைக்கு வருவது கடைசித் தொகை மட்டும்தான். அந்தச் சூத்திரத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் எப்போதும் நஷ்டம்.

தண்டலை எடுத்துக்கொள்வோம். எங்கள் பகுதியில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா தண்டலில் பணம் வாங்குகிறார். பேச்சுக்கு 10,000 ரூபாய்க் கடன். கொடுக்கும்போதே ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வசூலுக்கு வருகிறவர் பைக்கை விட்டு இறங்குவதுகூட இல்லை. பணத்தை வாங்கி, அட்டையில் அன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். "பத்தாயிரத்துக்கு ஆயிரம். பத்து பர்சென்ட்தானே தம்பி" என்பார் அக்கா. அவரிடமே நூற்றுக்கு அஞ்சு ரூபாய் மாத வட்டி என்று சொல்லிப்பாருங்கள், "ஐயோ, அநியாய வட்டி, வேண்டவே வேண்டாம்" என்பார்.

இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பார்ப்போம். 9,000 ரூபாய் முழுதாக அவர் கையில் இருப்பது முதல் நாள் மட்டும்தான். தினமும் கட்டும் 100 ரூபாயில் 90 அசல், 10 வட்டி என்று வைத்துக்கொண்டால், 50 நாள் முடியும்போது பாதி அசல் திரும்பப் போய்விட்டது. அதாவது 100 நாளும் சராசரியாக அவரிடம் இருந்த பணம் சுமார் 4,500 ரூபாய். அதற்குத்தான் ஆயிரம் ரூபாய் வட்டி. 100 நாளுக்கு 22 சதவீதம், வருஷத்துக்கு ஏறத்தாழ 80 சதவீதம். நூற்றுக்கு அஞ்சு ரூபாய் என்பது வருஷத்துக்கு 60 சதவீதம். அநியாயம் என்று அவர் ஒதுக்குகிற வட்டியைவிட, பத்து பர்சென்ட்தானே என்று கட்டுகிற வட்டி அதிகம்!

இதுவரை போட்டது வெறும் கூட்டல் பெருக்கல்தான், இதில் இயற்கணிதம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அடுத்த படியில் வருகிறது. கடன் தொகை எதுவாகவும் இருக்கட்டும். தவணைகளின் எண்ணிக்கையை 'த' என்றும், முழு அசலுக்கும் கடைசிவரை போடுகிற வருஷ வட்டியை (இதைத்தான் 'ஃபிளாட் ரேட்' என்பார்கள்) 'வ' என்றும் வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால், நாம் உண்மையில் கட்டும் வட்டி ஏறத்தாழ 2 × த × வ ÷ (த + 1) என்று வரும். இதில் கடன் தொகையே காணாமல் போய்விட்டது, பாருங்கள். ஆயிரம் வாங்கினாலும் கோடி வாங்கினாலும் இதேதான். த பெரிதாகப் பெரிதாக, த-வை (த + 1)-ஆல் வகுத்தால் ஒன்றை நெருங்கும். ஆகவே உண்மை வட்டி, சொன்ன வட்டியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பைக் கடனில் "ஃபிளாட் ரேட் 12 பர்சென்ட்தான் சார், 12 மாசத் தவணை" என்று சொன்னால் அது 22 சதவீதத்தை ஒட்டி வரும் என்பதைக் கால்குலேட்டரைத் தொடாமல் அங்கேயே சொல்லிவிடலாம். ஒரு தடவை போட்ட கணக்கு எல்லாக் கடனுக்கும் பொருந்துகிறது. அதற்குத்தான் எண்ணின் இடத்தில் எழுத்தைப் போடுகிறோம்.

கடன் கொடுக்கும்போது முழுச் செலவையும் சேர்த்து வருஷ வட்டியாகக் காட்டும் தாளை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அது வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும்தான். தண்டல்காரர் தாள் தரமாட்டார். கந்துவட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 2003 சட்டம் தண்டலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, ஆனாலும் வசூல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கணக்குத் தெரிந்துவிட்டால் அக்காவுக்கு வங்கி கடன் கொடுத்துவிடுமா? கொடுக்காது. ஆனால் தோட்டை அடகு வைப்பதா, தண்டல் வாங்குவதா, சீட்டைத் தள்ளி எடுப்பதா என்று முடிவெடுக்கும் இடத்தில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழியாவது அவர் கையில் இருக்கும். இல்லாதவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் தேவை.

அப்புறம், தலைகீழாகப் போடும் கணக்கு. கையில் 2 லட்சம் இருக்கிறது, நகை வாங்க வேண்டும். சேதாரம் 12 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம். தங்கத்துக்கு மட்டும் எவ்வளவு போகும்? பலரும் 15 சதவீதத்தைக் கழித்து 1,70,000 என்பார்கள். தங்கத்தின் விலையை எக்ஸ் என்று வைத்தால், எக்ஸ் × 1.12 × 1.03 = 2,00,000. எக்ஸ் 1,73,370 ரூபாய். மூவாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். விடை தெரியாதபோதே அதற்கு ஒரு பெயர் வைத்து, தெரிந்த மாதிரி எழுதிவிட்டுப் பின்னாலிருந்து வருவது எவ்வளவு பெரிய வசதி!

இயற்கணிதம் பிறந்ததே இப்படித்தான். 820-ஐ ஒட்டி பாக்தாத்தில் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலின் முன்னுரையில், சொத்துப் பிரிவினை, வழக்கு, வியாபாரம், நிலம் அளப்பது, கால்வாய் வெட்டுவது போன்றவற்றில் மக்களுக்குத் தேவைப்படுவதையே எழுதுவதாகச் சொல்கிறார். ஒரு பெண் இறந்துபோகிறார், கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள் இருக்கிறார்கள், வெளியாள் ஒருவருக்கும் பங்கு எழுதி வைத்திருக்கிறார், யாருக்கு எவ்வளவு? இந்த மாதிரிக் கணக்குகள் அதில் ஏராளம். எக்ஸ், ஒய் எதுவும் கிடையாது, எல்லாம் வாக்கியமாகவே இருக்கும்.

நம் பாடப்புத்தகத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பில் தீக்குச்சி அடுக்கிக் காட்டி இயற்கணிதத்தை அழகாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு வந்தால் 'இயற்கணிதம்' ஒரு பாடம், 'வாழ்வியல் கணிதம்' இன்னொரு பாடம். வட்டி, தள்ளுபடி, லாபம், நஷ்டம் எல்லாம் இரண்டாவதில். எக்ஸ் முதலாவதில். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சேர்த்துச் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பத்தாம் வகுப்பில் காரணிப்படுத்துவதற்கு மதிப்பெண் நிச்சயம். வாக்கியக் கணக்கைப் பல வகுப்புகளில் "இது வேண்டாம், விட்டுடு" என்று தாண்டிவிடுகிறார்கள். வாழ்க்கையில் வருவது பூராவும் வாக்கியக் கணக்குதான். யாரும் நம்மிடம் வந்து சமன்பாட்டை நீட்டமாட்டார்கள், அதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். மதிப்பெண் கவலையில் அந்த ஒரு திறமையைத்தான் பறிகொடுக்கிறோம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஒரு பீரியடை ஒதுக்கி, தண்டல் அட்டை, நகைக்கடை பில், 500 யூனிட்டைத் தாண்டியதும் எகிறிய கரண்ட் பில் என்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் எதையாவது பெயரை மறைத்துக் கரும்பலகையில் எழுதி, அதன் சூத்திரத்தை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள், வகுப்பில் எப்படிப் போனது என்று கீழே எழுதுங்கள்.